பவர் சப்ளைக்கு ஒரு சாட்சி

சேவ் செய்யலாம் என்று மனைவி மவுஸை நகர்த்திய அதே நொடியில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோனது.

"என்னங்க!"

அவள் போட்ட சத்தத்தில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் பாதி முகம் ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். ஒரு மாடி முழுக்கப் போச்சு. ஜன்னல், படிக்கட்டு எல்லாத்தையும் திரும்ப முதல்லேர்ந்து வரையணும்."

கட்டப்போகும் கட்டடம் முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாக வரைந்து கொடுப்பது அவள் வேலை. ஒரு கட்டட நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார்கள். போட்ட நாளிலிருந்து, படம் கொஞ்சம் பெரிதானாலே மெஷின் மூச்சை நிறுத்திக்கொள்கிறது.

"புதுக் கார்டுக்குப் பசி ஜாஸ்தி மாமா. உள்ள கரண்ட் கொடுக்கிற உங்க பழைய பவர் சப்ளையால தீனி போட முடியல," என்று ஃபோனிலேயே தீர்ப்புச் சொன்னான் மனைவியின் தம்பி. "என்கிட்ட பெருசா ஒண்ணு சும்மா கிடக்கு. கொண்டுவரேன்."

யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம். "இந்த லிஃப்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்று எவனாவது சொன்னால், அவன் கை காட்டிய இடத்தில்தான் முதலில் டார்ச் அடிப்பார். ஆனாலும் மச்சான், அதுவும் இலவசம். ஒரே ஒரு தடவை அசந்துவிட்டார்.

மச்சான் மாட்டினான். சுவிட்சைப் போட்டான். "டப்" என்றது. வீடு முழுக்க இருட்டியது. நடுக்கூடத்தில் கருகல் நாற்றத்தோடு ஒரு புகைச் சுருள் எழுந்து, என்ன விசேஷம் என்று பார்ப்பதுபோல எல்லா அறைகளுக்கும் போய்வந்தது.

மச்சான் பவர் சப்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லாத்தானே இருந்தது?"

"எப்போ?"

"அட்டைப் பெட்டிக்குள்ள இருக்கிறப்போ."

சுவரிலிருந்த பிளக் பாயிண்ட் கருகியதோடு போயிற்று, கம்ப்யூட்டர் தப்பித்தது. இன்ஸ்பெக்டர் அன்றே கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பவர் சப்ளையைக் கேட்டார்.

"உங்க மெஷினுக்கு இவ்வளவு பெருசு வேண்டியதே இல்ல சார்," என்றார் கடைக்காரர்.

"எட்டு பேர் ஏறுற லிஃப்ட்டுக்கு எட்டு பேர் தாங்குற கயிறா போடுறாங்க? அதைப்போல பல மடங்கு போடணும். எடுங்க."

எடுத்துவந்தார். அது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவில்லை. உள்ளே குறுக்கே நின்ற ஒரு தகட்டைக் கழற்றினார். அப்போதும் நுழையவில்லை. இன்னொரு தகட்டைப் பிடித்து இழுத்ததில், ஆன் பண்ணும் பொத்தானின் வயர் கையோடு வந்துவிட்டது. சரி, வெளியிலேயே வைத்து இணைத்துவிடலாம் என்று பார்த்தால் கார்டு வரைக்கும் வயர் எட்டவில்லை.

சாப்பாட்டு மேசை மேல் கம்ப்யூட்டர் குடல் சரிந்து கிடந்தது. ஆபரேஷன் பாதியில் டாக்டர் எழுந்து சாப்பிடப் போன மாதிரி இருந்தது. இவர்களுக்குத்தான் சாப்பிட இடமில்லை. தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை படம் கொடுக்கணுங்க," என்றாள் மனைவி. "கொடுக்கலேன்னா அடுத்த கட்டடத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவாங்க."

"தெரியும், தெரியும்."

பொத்தான் வயரை ஒருவழியாகப் பொருத்திவிட்டு, பெரியதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். கடைக்காரர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் அளவில் பொருந்தக்கூடிய இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று கறுப்புப் பெட்டி, இன்னொன்று சாம்பல் நிறப் பெட்டி.

"ரெண்டுமே நல்லது சார்."

"ரெண்டுமே நல்லதுன்னா எதுக்கு ரெண்டு?"

இன்ஸ்பெக்டர் வெறுங்கையோடு திரும்பினார். அலுவலகத்தில் விசாரித்தார். ஒருவர் கறுப்பைத் தெய்வம் என்றார், இன்னொருவர் வெடிகுண்டு என்றார். மறுநாளும் கடைக்குப் போய் இரண்டையும் கையில் தூக்கித் தூக்கி எடை பார்த்தார். அதற்கு மறுநாள் அவர் வாசலில் தலை காட்டியதுமே, கீழே ஏதோ விழுந்துவிட்டதுபோலக் கடைக்காரர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை.

"அந்தக் கறுப்பையே வாங்கிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி, கையில் தட்டோடு. "நம்ம கார்டுக்கு வேண்டிய பவர் அதுல இருக்கு. வாங்கினவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு நெட்டுல எழுதியிருக்காங்க."

"எழுதினவன் எல்லாம் கம்பெனிக்காரனோட பெரியப்பா பசங்களா இருப்பானுங்க."

"கடைக்காரரும் சொல்றாரே?"

"அவருக்கு விக்கணும்."

"என் தம்பி..."

இன்ஸ்பெக்டர் கருகிய பிளக் பாயிண்டைத் திரும்பிப் பார்த்தார். அவள் அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டாள்.

"சரி, நான் சொல்றேன். வாங்குங்க."

"நீ வெள்ளிக்கிழமைக்குப் பயந்து சொல்றே."

"அப்போ யார்தான் சொல்லணும்?"

"முன்னபின்ன தெரியாத ஆள் சொல்லணும். வாங்கிப் போட்டு வருஷக்கணக்கா ஓட்டின ஆள். அவனுக்கு இதுல காலணா ஆதாயம் இருக்கக்கூடாது."

"அப்படி ஒருத்தன் இனிமே பொறந்து வளர்ந்து வரட்டும். அதுவரைக்கும் நாம நின்னுகிட்டே சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு அவள் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் மாலை, இரண்டு பெட்டிகளையும் மேசைமேல் வைத்து இன்ஸ்பெக்டர் முறைத்துக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒரு குண்டு மனிதர் உள்ளே வந்தார். ஃபோனுக்கு உறை கேட்டார். கடைக்காரர் தேடப் போனதும் அவர் கண் கறுப்புப் பெட்டிமேல் விழுந்தது.

"இதுவா? கண்ணை மூடிட்டு வாங்குங்க சார். எங்க வீட்டுல மூணு வருஷமா ஓடுது."

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். மனதுக்குள் டார்ச்சை எடுத்தார்.

"கடைக்காரர் உங்களுக்குச் சொந்தமா?"

"இந்தக் கடைக்கே இன்னைக்குத்தான் வரேன்."

"வித்துக் கொடுத்தா கமிஷன் உண்டா?"

"நான் உறை வாங்க வந்தேன் சார்," என்றார் குண்டு மனிதர், முகம் சுருங்கி.

"கோச்சுக்காதீங்க. சத்தம் வருமா?"

"மூச்சு விடாது."

"சூடு?"

"கை வச்சா ஜில்லுன்னு இருக்கும்."

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூட..."

"மக்கர் பண்ணினதே இல்ல. எங்க வீட்டுல நாங்கதான் மக்கர் பண்ணுவோம், அது பண்ணாது."

இன்ஸ்பெக்டர் கறுப்பை வாங்கினார். கடைக்காரர் பில் போடும்போது, மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அது பெட்டிக்குள் சொன்னபடி உட்கார்ந்தது. வயர் எட்டியது. எத்தனை மாடி வரைந்தாலும் கம்ப்யூட்டர் அணையவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே படம் போய்ச் சேர்ந்தது. அடுத்த கட்டடமும் இவளுக்குத்தான் என்று மதியமே ஃபோன் வந்தது.

அன்று மாலை இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து வயர்களை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே நின்ற மனைவிக்குப் பிரசங்கம் நடந்தது.

"பார்த்தியா? விசாரிக்கத் தெரியணும். உன் தம்பி மாதிரி ஆளைக் கேட்டா வீடுதான் பத்திக்கும். நாலு கேள்வி கேட்டேன், அந்த மனுஷன் நாலுக்கும் தயங்காம பதில் சொன்னான். பொய் சொல்றவனுக்கு அப்படி வராது."

"வராதுங்க," என்றாள் மனைவி.

வாசல் மணி அடித்தது. "ஆபீஸ் டிரைவரா இருக்கும். அடுத்த கட்டடத்தோட பிளான் கொடுத்தனுப்பறேன்னாங்க," என்று அவள் விறுவிறுவென்று போனாள். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தபோது, வாசலில் இரண்டு ஷூக்களும், பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஹெல்மெட்டும் மட்டும் தெரிந்தன.

"டிரைவர் தம்பி, மெதுவா பேசுங்க..." என்றாள் மனைவி.

"ஏன்க்கா? நீங்க சொன்னபடியே கறுப்புப் பெட்டியைக் காட்டி, மூணு வருஷமா ஓடுதுன்னு ஒரு வார்த்தை பிசகாம ஒப்பிச்சுட்டேன், சாரும் வாங்கிட்டாரு; அது இருக்கட்டும், அது என்ன சாமான்க்கா?"