நிகானோர் பெகேரோ அரங்கம்

“நீங்க செத்திருந்தா ஒரு சிக்கலும் இல்ல ஐயா,” என்றாள் பானி ஊர் நகராட்சி எழுத்தர் மிரேயா, மரியாதையாகத்தான்.

எழுபது வயது நிகானோர் பெகேரோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இரண்டாம் சுற்றில் தோற்றவர். பிறகு பனாமா, கராகஸ் என்று ஊர் ஊராகப் போய், காசுக்கு முப்பத்தொரு தடவை குத்துச்சண்டை போட்டவர். பதக்கம் வாங்காதவனை யார் நினைவில் வைப்பார்கள்? ஊரில் புதிதாகக் கட்டிய குத்துச்சண்டை அரங்கத்தில் தன் பெயரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

“உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கச் சட்டத்துல இடமில்ல.”

மனைவி ஒதிலியா விடுவாளா? “ஏங்க, உங்க அப்பா பேரும் அதேதானே? அவர் போய்ச் சேந்து முப்பது வருஷமாச்சே!”

மறுநாள் அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு போனார்கள்.

“இவர் என்ன செஞ்சார்?” என்றாள் மிரேயா.

“ஐஸ் வண்டி தள்ளினார்,” என்றார் நிகானோர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“விளையாட்டு வீரர் பேருதான் வைக்கலாம் ஐயா.”

ஒதிலியா கணவரின் பழைய பத்திரிகைத் துண்டுகளை அள்ளி மேஜையில் போட்டாள். “ஒலிம்பிக் போனது மாமனார்தான். இவருக்கு ஞாபகமறதி.”

மிரேயா சான்றிதழைப் பார்த்தாள். “1921ல பொறந்தவர் 76ல போனாரா? அம்பத்தஞ்சு வயசுலயா?”

“கல்லு மாதிரி உடம்பு. வயசாலதான் ரெண்டாவது சுத்தோட நின்னுட்டார்.”

பகல் சாப்பாட்டு நேரம். மிரேயா முத்திரையைக் குத்திவிட்டு, “இறந்தவர் படம் வேணும்,” என்றாள்.

வீட்டில் இருந்தது ஐஸ் வண்டியோடு அப்பா நிற்கும் படம் ஒன்றே. அதைப் பார்த்து அரங்கச் சுவரில் வரைந்த ஓவியர் வண்டியை நீக்கிவிட்டு, அப்பாவின் கைகளில் கையுறை மாட்டிவிட்டார்.

திறப்பு விழாவன்று சுவரில் ஆளுயர எழுத்தில் பெயர் மின்னியது. கீழே பெரிய மீசையோடு அப்பா முறைத்தார். மான்ட்ரியல், முப்பத்தொரு சண்டைகள், எல்லாம் அவர் கணக்கில் ஏறியிருந்தன. ஆனாலும் பெயர் பெயர்தானே! நிகானோருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்டார் வாசல் காவலாளி.

ஒதிலியா இடித்தாள். “மகன்,” என்றார் நிகானோர்.

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“அப்பா இவ்வளவு பெரிய வீரரு! நீங்களும் சின்ன வயசுல ரெண்டு குத்து கத்துக்கிட்டிருக்கலாமே ஐயா!”