கடல் தாண்டி வந்த சீட்

அரசாங்க விதிகளை ஆசைக்காகப் படிக்கும் மனிதர் இந்த நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் ஆம்பூரில், என் எதிர்வீட்டில் இருக்கிறார். இரண்டாவதாக ஒருவர் இருந்தால், தயவுசெய்து அவருக்கு எங்கள் தெருவில் வீடு பார்த்துக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது தபால்காரருக்குத் தெரியும். எங்களுக்கு அவர் ‘செக்ஷன்’. ஹெல்மெட் இல்லாமல் யார் போனாலும் நிறுத்தி, எந்தச் சட்டம், எந்த செக்ஷன் என்று ஒப்பித்த பிறகுதான் விடுவார். அவர் வீட்டு நாய்க்கு லைசென்ஸ் உண்டு. நான் எண்ணிய வரையில், தெருவின் மற்ற ஆறு நாய்களும் சட்டவிரோதமாகத்தான் குரைக்கின்றன.

இவரை ஜப்பானில் ஒரு ஷூ கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. போன இடத்தில் அவர் மனைவி ரூத் டீச்சருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கால்தான் இழுத்துக்கொண்டது. ஊர் திரும்பியதும் டீச்சர் தன் பழைய பள்ளிக்கூடத்துக்கே பாடம் எடுக்கப் போனார். ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர், இறக்க இரண்டு பேர். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

“உப்பு போட்ட தோலை லாரில ஏத்தற மாதிரி ஏத்தறாங்க. யாரும் என்னைத் தூக்காம போக வழி இருந்தா சொல்லுங்க, போறேன். இல்லாட்டி நான் இந்த வாசப்படி தாண்ட மாட்டேன்” என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வழி ஜப்பானில் இருந்தது. அங்கே அவர்கள் ஓட்டிய வண்டி சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஆனால் பட்டனை அழுத்தினால் முன் சீட் வாசல் பக்கம் திரும்பி, வெளியே வந்து, கீழே இறங்கும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்கவேண்டியதுதான் பாக்கி. அந்த வண்டியை அங்கேயே ஒரு தோஸ்த்திடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதையே வரவழைத்துத் தினசரி ஓட்டுவது என்று செக்ஷன் முடிவு செய்தார். அதுவும் சட்டப்படி.

நான் கவலைப்படுகிறவன். உட்கார்ந்து யோசித்து, அவர் வழியிலுள்ள பதினோரு தடைகளை எண்ணிச் சொன்னேன். பழைய வண்டிக்கு வயது மூன்றைத் தாண்டக்கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும், வண்டி விலையைவிட வரி அதிகம் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒண்ணை விட்டுட்டீங்க. ஹெட்லைட் வெளிச்சம் எந்தப் பக்கம் சாயணும்னு தனியா ஒரு விதி இருக்கு” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு ஒரு புரோக்கர் வந்தார்.

“இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு? வேற ஸ்டேட் நம்பர் ஒண்ணு வாங்கித் தர்றேன். மாட்டிக்கினு ஓட்டுங்க. யாரு கேக்கப் போறாங்க?”

“நான் கேப்பேன்” என்றார் செக்ஷன்.

புரோக்கர் டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

துறைமுகத்தில் ஒரு சோதனை, புகைக்கு ஒரு சோதனை, பிரேக்குக்கு ஒரு சோதனை. எல்லாவற்றுக்கும் இவரே போய் நின்றார். குறுக்கே யார் என்ன சொன்னாலும், “விதியில இருக்கா? காட்டுங்க” என்பதுதான் பதில். கடைசியில் ஒருநாள் அந்த சோப்புப் பெட்டி லாரியிலிருந்து எங்கள் தெருவில் இறங்கியது.

வேறு ஊராக இருந்தால் எஞ்சினைப் பார்த்திருப்பார்கள். இது ஆம்பூர், தோல் ஊர். வந்த பதினேழு பேரும் நேராக சீட்டுக்குப் போனார்கள். கட்டைவிரலால் அழுத்தினார்கள், கிள்ளினார்கள், குனிந்து மோந்து பார்த்தார்கள். ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாய் தலையில் கை வைத்தார்.

“துணி சார்! வெறும் துணி! நம்ம ஊர் தோல்ல வெள்ளைக்காரன் நடக்கறான், நம்ம டீச்சர் துணில உக்காரணுமா? ஊருக்கே மானம் போய்டும்.”

சீட்டுக்கு உறை போடத் தடை இருக்கிறதா என்று செக்ஷன் தேடிப் பார்த்தார். இல்லை. அதனால் சம்மதித்தார். ஷூ அச்சில் தோலை இழுத்து மாட்டுவதுபோல் பஷீர் பாய் அந்த சீட்டில் தோலை இழுத்துத் தைத்தார். ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இடைவெளி இல்லை. ஷூக்காரர்களுக்கு இடைவெளி என்றாலே குறைதானே. மெனக்கெட்டு அத்தனையையும் மூடிவிட்டார். பளபளத்த அந்த சீட்டைத் திருப்பிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பதிவுக்கு முன் வண்டியைப் பார்வையிட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். வீட்டுத் திண்ணை சீட் உயரம்தான் என்பதால், பட்டனைத் தொடாமலே டீச்சர் தானாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்; தற்காலிக நம்பர் மாட்டிய வண்டியை செக்ஷன் ஓட்ட, அதிலேயே வந்தார். நானும் பஷீர் பாயும் ஆட்டோவில் பின்தொடர்ந்தோம். இன்ஸ்பெக்டர் விளக்கு, ஹாரன், எஞ்சின் நம்பர் எல்லாம் பார்த்து முடித்து, “அந்த சீட்டு இன்னா பண்ணும், காட்டுங்க” என்றார்.

செக்ஷன் பட்டனை அழுத்தினார். சீட் பாதி திரும்பியது. கீச்சென்றது. நின்றது. டீச்சரின் கால்கள் வண்டிக்கு வெளியே அந்தரத்தில் தொங்கின.

இரண்டு பேர் தூக்குவதற்கு ஓடிவந்தார்கள்.

“தொடாதீங்க!” என்றார் டீச்சர். ஆபீஸே நின்றது.

இன்ஸ்பெக்டர் நல்லவர்தான். தணிந்த குரலில், “சார், இந்த மெக்கானிசம் வேலைக்காவாது. கழட்டிட்டு சாதா சீட்டா போட்டுக் கொண்டாங்க. நாளைக்கே பாஸ் பண்ணிடறேன்” என்றார்.

“சாதா சீட்டு வெச்ச வண்டி இங்கயே தெருவுக்குத் தெரு விக்குது சார். நான் கடல் தாண்டி கொண்டாந்தது சீட்டைத்தான். வண்டி சும்மா அதைச் சுத்தி இருக்கு. இதைக் கழட்டணும்னு எந்த விதி சொல்லுதுன்னு காட்டுங்க.”

“விதி இல்ல சார். ஓடாத சீட்டுக்கு நான் எப்படி கையெழுத்து போடறது?”

“அப்ப நான் இப்படியே இருக்கேன்” என்றார் டீச்சர். “ஆபீஸ் மூடற நேரம் வந்தா பூட்டிட்டுப் போங்க. தூக்க மட்டும் யாரும் வரக்கூடாது.”

பஷீர் பாய் மண்டியிட்டு சீட்டுக்கு அடியில் பார்த்தார். “யா அல்லா! சீட்டு திரும்பறதுக்கு விட்ட இடைவெளியையும் சேர்த்துத் தச்சுட்டேனே!”

இடுப்பிலிருந்த தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். ஒரு கணம் அந்தத் தோலைத் தடவினார். தான் பார்த்துப் பார்த்து இழுத்துத் தைத்ததை, தானே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கிழித்தார்.

செக்ஷன் மறுபடி பட்டனை அழுத்தினார். சீட் முனகிக்கொண்டு திரும்பியது, வெளியே வந்தது, இறங்கியது. டீச்சர் கைத்தடியை ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, தானாக எழுந்து நின்றார்.

“இன்னா பார்க்கறீங்க? கையெழுத்து போடுங்க” என்றார்.

இன்ஸ்பெக்டர் போட்டார்.

இப்போது தினமும் காலையில் அந்த வண்டி பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. டீச்சர் இறங்குவதை யாரும் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பது டீச்சரின் விதி. செக்ஷன் அதை மீறுவதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்து நேராகவே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாட்டுக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் திருப்பிவைத்திருப்பார். அந்த நேரத்தில் நான் பால் வாங்க அந்தப் பக்கம் போகிறேன். எங்களுக்குப் பால் வீட்டுக்கே வந்துவிடுகிறது என்பதை டீச்சரிடம் யாரும் சொல்லவேண்டாம்.