தளும்பாத டீ

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் டீகிளாஸ் என்கிறவர் தரையில் கொட்டிய டீயை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து விட்டிருந்தால் பக்கிங்காம் கால்வாயின் நிறமே மாறியிருக்கும். இப்போதிருக்கும் நிறத்துக்கு அது எவ்வளவோ மேல்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. பழைய மரவேலை மெஷின் வாங்குகிறவர்களுக்கு அவர் டீகிளாஸ். முகத்துக்கு நேராக ஒரு ‘ண்ணா’ சேரும், அவ்வளவுதான். ரம்பமோ, இழைக்கும் மெஷினோ, எதுவானாலும் அதன் மேல் ஒரு கண்ணாடி கிளாஸை வைத்து, விளிம்பு வரை டீ ஊற்றுவார். சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, மூக்கு கிளாஸில் முட்டும்படி குனிந்து பார்ப்பார். டீ தளும்பவில்லை என்றால் எடுத்துக் குடிப்பார். விலை பேசலாம் என்று அர்த்தம். தளும்பினால் தரையில் கொட்டிவிட்டு நடையைக் கட்டுவார். நல்லது, கெட்டது என்று வாயால் சொன்னதே கிடையாது. கூலியும் வாங்கமாட்டார்.

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் நாற்பது பெஞ்சுகள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், கப்பலில் துரு சுரண்டினேன், மஸ்கட்டில் தச்சு வேலை கற்றேன். நடுவில் சாப்பாடு இல்லாத நாட்களும் உண்டு. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் தூக்கம் வந்துவிடும். எந்த வேலையும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. கடைசியில் திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு மாதா கோவிலுக்கு நாற்பது பெஞ்சு செய்யும் வேலை கிடைத்தது. கையால் இழைத்தால் அடுத்த வருடத் திருவிழாவுக்குத்தான் முடியும். மெஷின் வேண்டும், புதிதாக வாங்க வக்கில்லை.

துபாய் விசா ஒன்றை வைத்துக்கொண்டு ஏஜெண்ட் தினமும் போன் செய்துகொண்டிருந்தான். மனைவி ஸ்டெல்லா அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள்: “இத்தையும் வுட்டுட்டு எங்கனா கெளம்பினே, திரும்பி வரச்சொல்ல வூடு பூட்டிகினு இருக்கும். அப்பால என்னாண்ட வந்து அழக்கூடாது.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீகிளாஸிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“கைய நீட்டு,” என்றார்.

நீட்டினேன். உள்ளங்கையில் நிறைந்த கிளாஸை வைத்தார். சூடு ஒரு பக்கம், காலையில் சாப்பிடாதது ஒரு பக்கம். பாதி டீ என் சட்டையில்.

“மெஷினு இருக்கட்டும் நைனா. உனுக்கே பேரிங் லூஸா கீதே! எங்கியும் நிக்கமாட்டே போலகீது.”

மிச்சத்தை சாக்கடையில் கொட்டினார். ஆனாலும் கூட வந்தார்.

ஒரு மாதத்தில் பதினோரு மெஷின் பார்த்தோம். போனவுடன் வணக்கம்கூடச் சொல்லாமல் மோட்டாரின் மேல் புறங்கையை வைப்பார். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே ஓட்டிச் சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். புதுப் பெயிண்ட் என்றால் சட்டைப்பையிலிருந்து ஆணியை எடுத்துச் சுரண்டுவார், அடியில் வெல்டிங் வைத்த தழும்பு தெரிகிறவரை. புளியந்தோப்பில் ஒரு வியாபாரி அலறிவிட்டார்.

“யோவ், பெயிண்ட்டு போவுதுய்யா!”

“போவட்டும். பவுடர் அப்பிகினு நின்னா யார் மூஞ்சின்னு தெரியும்? மொதல்ல கழுவிகினு வரச் சொல்லு.”

இன்னோர் இடத்தில் டீ அசையவே இல்லை. நான் சந்தோஷத்தில் வியாபாரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். டீகிளாஸ் தரையில் படுத்து மெஷினின் கால்களைப் பார்த்தார். நான்கு காலுக்கும் அடியில் லாரி டயரை வெட்டிச் சொருகியிருந்தார்கள்.

“செருப்ப கயட்டு. வெறுங்காலோட நடக்க வுட்டுப் பாப்பம்,” என்றார். டயரை உருவியதும் டீயோடு கிளாஸும் போனது.

இதற்குள் கோவில் ஃபாதர் பொறுமையிழந்து, திங்கட்கிழமைக்குள் வேலை ஆரம்பிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை, எண்ணூரில் மரப்பெட்டி செய்கிற ஒரு பட்டறையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினோம்.

மெஷின் திருநீறு பூசியது போல அனல் மின்நிலையச் சாம்பலோடு நின்றது. பெயிண்ட் இல்லை. மோட்டார் குளிர்ந்திருந்தது. கத்தி சுழலும் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. கிளாஸை வைத்து டீயை ஊற்றினார். டீ குதித்தது.

“இன்னும் சுச்சே போடலியே!” என்றார் பட்டறைக்காரர்.

வாசலில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தரையே அதிர்ந்தது. டீகிளாஸ் டீயைக் கொட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது டீ வந்தது. மூன்றாவது வந்தது. லாரி ஓயவில்லை.

“மத்தியானம் வேற பார்ட்டி வண்டி எடுத்துகினு வர்றான். வோணும்னா இப்பவே சொல்லிடுங்க,” என்றார் பட்டறைக்காரர்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. “ண்ணா, மெஷினு ஷோக்காத்தான் கீது. எட்த்துக்கலாம்ண்ணா.”

“நீ வாங்கப்போறது மெஷினையா, லாரியையா? சொம்மா குந்து.”

நான்காவது டீ. ஐந்தாவது. பன்னிரண்டு மணிக்கு வெளியே ஹாரன்கள் ஒரேயடியாக அலறின. அப்புறம் அதுவும் அடங்கியது. எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் கண்டெய்னர்கள் நின்றுவிட்டன. அந்த ரோட்டில் வரிசை ஒரு தடவை நின்றால் டிரைவர்கள் கீழே இறங்கி ஸ்டவ்வைப் பற்றவைத்து, சோறு பொங்கித் தின்றுவிட்டுத்தான் ஏறுவார்கள். வடசென்னையே திட்டித் தீர்க்கும் அந்த நெரிசலுக்குக் கைதட்டிய ஒரே மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நின்னுச்சுடா! போடு சுச்ச!”

மெஷின் ஓடியது. ஆறாவது டீ கிணற்றுத் தண்ணீர் மாதிரி கிடந்தது. டீகிளாஸ் வெகுநேரம் பார்த்தார். பிறகு எடுத்து, மேலே மிதந்த சாம்பலை ஊதிவிட்டு, ஒரே மடக்கில் குடித்தார்.

மத்தியானம் வர வேண்டிய பார்ட்டி வரவில்லை. அவருடைய வண்டியும் அதே வரிசையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் மெயின் ரோட்டிலிருந்து நான்கு தெரு தாண்டி, மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தார்கள். திங்கட்கிழமை முதல் பலகையை இழைத்தேன். பெஞ்சுகள் திருவிழாவுக்கு முன்பே கோவிலுக்குப் போய்விட்டன. ஸ்டெல்லா முதல் வரிசையில் உட்கார்ந்து, பெஞ்சை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.

மூன்று வருடம் ஆயிற்று. போன மாதம் ஒரு காலை, ஏஜெண்ட் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை சிங்கப்பூர், நல்ல சம்பளம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ஸ்டெல்லாவிடம் மூச்சு விடவில்லை. அந்த நேரம் பார்த்து டீகிளாஸ் கையில் டீயோடு கொட்டகைக்குள் வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“கைய நீட்டு.”

நீட்டினேன். விளிம்பு வரை டீ. அசையாமல் நிற்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. டீ தளும்பி விரலில் வழிந்தது. கொட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கண்டெய்னர் போவுது நைனா,” என்றார். கிளாஸை எடுத்து, நிதானமாகக் குடித்து முடித்து, மெஷினின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

ஏஜெண்ட் அதற்கப்புறம் நான்கு தடவை கூப்பிட்டுவிட்டான். நான் எடுக்கவில்லை.

எங்கள் சந்துக்குள் ஆட்டோகூட நுழையாது.