ஷேடு மாஸ்டர் கலந்த சாலட்

முதல் வாய் வைத்ததுமே ஷேடு மாஸ்டருக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அடுத்து மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதற்கும் அடுத்து, சமையலறைக் கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, உசுரோட இருக்கீங்களா?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"இ... இருக்கேன்! எல்லாம் ஜோரா போயிட்டிருக்கு!"

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"சந்தோஷத்துல!"

கதவைத் திறக்கக் கூடாது என்பது மாஸ்டரே போட்ட நிபந்தனை. சும்மா கிடந்த மனுஷன் நிபந்தனை போடுகிற அளவுக்கு ஏன் வந்தார் என்று கேட்டால், எல்லாம் வாய்க்கொழுப்புதான்.

பெயிண்ட் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிறம் கலக்கிறவர். உடைந்த டீ கப்பை நீட்டி "இந்தக் கலர் வேணும்" என்றால், அரை மணி நேரத்தில் கலந்து பலகையில் தடவிக் காட்டிவிடுவார். அதனால்தான் ஷேடு மாஸ்டர் என்ற பெயர். பெயர் வந்ததில் தப்பில்லை, அது தலைக்கேறியதுதான் தப்பு. போன ஞாயிற்றுக்கிழமை சோபாவில் தூங்கி எழுந்தவர், அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "நாலு சாமானைக் கலக்கறதுக்கா இவ்வளவு அலுப்பு? நான் தினமும் நாப்பது டப்பா கலக்கறேன்."

மனைவி கரண்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். போட்டு உடைத்திருந்தால் கூடப் பரவாயில்லை, ஓசைப்படாமல் வைத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அக்காவும் அத்தானும் வர்றாங்க. காரசாரமா தாய்லாந்து நூடுல்ஸ் சாலட் சாப்பிடணும்னு அக்காவுக்கு ரொம்ப நாளா ஆசை. நீங்களே கலக்குங்க. நல்லா இருந்துதுன்னா, ஒரு தக்காளி நறுக்கித் தாங்கன்னு கூட உங்களை இனிமே கூப்பிட மாட்டேன். ஞாயித்துக்கிழமை பூரா தூங்குங்க. நல்லா இல்லைன்னா, இனி எல்லா ஞாயித்துக்கிழமையும் சமையல் உங்க தலையில."

மாஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் லேசுப்பட்டதல்ல. காலை பத்து மணிக்குப் படுத்தால், நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து, மறுபடி நாலு மணி வரை நீளும். அந்தத் தூக்கத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் மனுஷன் விழித்திருந்தார். அது போய்விட்டால் அப்புறம் என்ன வாழ்க்கை?

செய்முறையைக் கைப்பேசியில் தேடி எடுத்தார். அதில் என்னவோ 'சின்ன மிளகாய் ஐந்து' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. ஆனால் மாஸ்டர் எழுத்தைப் பார்க்கிற ஜாதி இல்லை, படத்தைப் பார்க்கிற ஜாதி. படத்தில் சாலட் மேல் ஊற்றியிருந்த சாறு பளபளவென்று சிவந்திருந்தது. இவர் அரைத்ததோ சோகை பிடித்தது போல் வெளுத்துக் கிடந்தது.

"ஷேடு சேரலையே" என்று முணுமுணுத்தபடி இன்னும் நாலு மிளகாய் அரைத்து ஊற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஆறு. அப்புறம் எட்டு. இருபத்து மூன்றாவது மிளகாயில் நிறம் நூல் பிசகாமல் ஒத்துப்போனது. ஆகா என்று பூரித்துப்போய்த்தான் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். விருந்தாளிகள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனால் நிறம் தப்பிவிட்டது என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டப்பாவைக் கூட அவர் கொட்டியதில்லை. எதிர் நிறத்தைச் சேர்த்துத் திருத்துவார், அதுதான் தொழில் சுத்தம்.

காரத்துக்கு எதிர் எது? புளிப்பு என்று முடிவு செய்து எட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். காரம் இம்மியும் குறையவில்லை. பல் கூசியது மட்டும் கூடுதல் வரவு.

புளிப்புக்கு எதிர் சர்க்கரை. டப்பாவைக் கவிழ்த்தால் நாலு எறும்புதான் விழுந்தது. மனைவியிடம் கேட்டால் மானம் போகும். பின்பக்கத்துக் கதவைத் திறந்து, அடுத்த வீட்டு நர்ஸம்மாவைக் கூப்பிட்டார்.

"அவசரமா கொஞ்சம் சர்க்கரை வேணுமே!"

"ஏன் சார், யாருக்காவது மயக்கமா?"

"இல்ல, சாலட்டுக்கு."

"கொஞ்சம்னா?"

"ஒரு கிலோ."

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். முக்கால் கிலோ விழுந்ததும் சாலட் ஜாம் போல் மினுமினுத்தது. இனிப்புக்கு எதிர் உப்பு. தாய்லாந்து சாலட்டில் உப்புக்குப் பதில் மீன் சாஸ் என்று போட்டிருந்ததால், புட்டியைச் சாய்த்தார். அது வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அடியில் ஒரு தட்டுத் தட்டினார். அரைப் புட்டி ஒரே மூச்சில் இறங்கியது.

கதவு மறுபடி தட்டப்பட்டது.

"ஏங்க, என்னங்க இந்த நாத்தம்?"

"நாத்தம்னு சொல்லாதே. தாய்லாந்து வாசனை!"

"தாய்லாந்துல யாராவது மூக்கை வச்சுக்கிட்டு இருக்க முடியுமா?"

இனி ஒரே வழி, கரைத்துவிடுவது. ஷேடு ரொம்ப அடர்த்தியானால் வெள்ளையைக் கொட்டிக் கரைப்பதில்லையா? நூடுல்ஸ்தான் வெள்ளை. மீதியிருந்த மூன்று பாக்கெட்டையும் உடைத்துப் போட்டார். சுடுதண்ணீரில் மூன்று நிமிஷம் ஊறவைத்தால் போதும் என்று எழுதியிருந்ததை, வழக்கம்போல் படிக்கவில்லை. கொதிக்கக் கொதிக்க இருபது நிமிஷம் வேகவிட்டார். சுவர் விரிசலை அடைக்கும் பட்டி மாதிரி பிசுபிசுவென்று வந்தது.

சாலட் கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து குக்கருக்குக் குடிபோனது. குக்கரும் போதவில்லை. கடைசியில், கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புத்தம்புது பத்து லிட்டர் வாளியைக் கழுவி எடுத்து, அதில் கொட்டி, பழக்க தோஷத்தில் நீளக் குச்சியால் கலக்கினார். ருசி பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நாக்கு எப்போதோ ராஜினாமா செய்துவிட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் நர்ஸம்மாவிடம் ஒரு கரண்டி நீட்டினார். அவள் வாங்கி, முகர்ந்து, நுனிவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சார், இது முழுங்கறதா, தடவறதா?"

அப்போது வாசல் மணி அடித்தது.

மாஸ்டரின் கண்முன் சோபா வந்து நின்றது. இருந்தாலும் தொழில்காரர் தொழில்காரர்தான். பெரிய தட்டில் வழித்துப் போட்டு, மேலே வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, கொத்துமல்லி என்று கடைசிப் பூச்சை ஓர் இடம் விடாமல் பூசினார். பார்வைக்கு அப்படியே படம்.

மேஜையைச் சுற்றி நாலு பேர். மனைவியின் அக்கா முதல் கரண்டி எடுத்தாள். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. அவள் தங்கையைப் பார்த்தாள்.

"அபாரம்!"

"நிஜமாவா?" என்றார் மாஸ்டர்.

"சத்தியமா! கடையில கூட இப்படிக் கிடைக்காது!"

மனைவியும் ஒரு வாய் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஏங்க, இப்படி ஒரு கைப்பக்குவத்தை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் சும்மா இருந்தீங்க? நான் தோத்துட்டேங்க!" என்றாள். அக்காவும் தங்கையும் படபடவென்று கைதட்டினார்கள்.

அக்காவின் கணவர் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. வேர்வையைத் துடைப்பதும் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தார். சகலை எப்போதுமே வாயில்லாப் பூச்சி என்பதால் மாஸ்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"சொன்ன சொல் மாற மாட்டேன். இனிமே உங்களை அடுப்படிக்குக் கூப்பிட மாட்டேன். நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றாள் மனைவி.

அக்கா பெருமூச்சு விட்டாள். "இந்தக் கை ஒரு நாளோட நின்னுபோகுதே, பாவம்."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஏன் நிக்கணும்? அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான்தான் பண்ணுவேன்!"

"வேண்டாங்க, தூக்கம் கெடுமே?"

"தூக்கம் எங்க ஓடிடப் போகுது? எல்லா ஞாயித்துக்கிழமையும் நான்தான்! யாரும் குறுக்க வரக் கூடாது, ஆமா!"

"உங்க இஷ்டம்" என்று மனைவி அடக்கமாகச் சொல்லிவிட்டு, அக்காவோடு பால்கனிக்குப் போனாள்.

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கை கழுவப் போனார். பின்னாலேயே வந்த சகலை, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவர் காதோரம் குனிந்தார்.

"சகலை, அதை மனுஷன் வாயில வைக்க முடியாது; ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் முதல் தடவை சமைச்சதும் இதே லட்சணம்தான், அன்னிக்கும் இவங்க ரெண்டு பேரும் இப்படித்தான் கைதட்டினாங்க, அன்னிலேர்ந்து எங்க வீட்டுல மூணு வேளையும் நான்தான்!"