நாலடி போனவர் திரும்பி வருவார்

மேலூர், ஸ்ரீரங்கம்.
ஆடி வெள்ளி.

அன்புள்ள பொன்னுத்தாய் அக்காவுக்கும், என் தலையைக் கண்டாலே வாய் திறக்கும் மாமாவுக்கும், தம்பி வீரமலை, ஜோதி, மகள் ரெங்கநாயகி மூவரும் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஜோதி எட்டிப் பார்த்துவிட்டு, "பொய் எழுதாதீங்க, அண்ணி கண்டுபிடிச்சிருவாங்க" என்றாள். ஆகையால் உடம்புக்கு நலம், மற்றது கீழே. அங்கே உனக்கும், மாமாவுக்கும், மரவள்ளிக்கும், நீ கருப்பனுக்கு நேர்ந்து விட்டிருக்கிற கிடாய்க்கும் நலம்தானே? கிடாய் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதுவரை அதன் காதில் போட வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய். போன தடவை நீ வீட்டுக்குப் பின்னால் சிக்னல் பாறை மேல் ஏறி நின்று கூப்பிட்டபோது "பாப்பாவுக்கு" என்று காதில் விழுந்தது, அப்புறம் காற்று, அப்புறம் "கிடைச்சிருச்சா" என்று வந்தது, அப்புறம் ஒரு ஆடு பேசியது. நான் சொன்ன பதில் உனக்கு எட்டியதா ஆட்டுக்கு எட்டியதா தெரியவில்லை. அதனால் துறையூர் வழியாக மலையேறுகிற பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார். பரவாயில்லை, நல்ல மனுஷன்.

முதலில் ஒரு விஷயம். நீ மலை முழுக்கப் பாப்பா டாக்டருக்குப் படிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறாய். போன பொங்கலுக்கு அங்கே வந்தபோது ஒரு பெரியவர் அதனிடம் முழங்காலை நீட்டிவிட்டார். இது ஊசி போடுகிற படிப்பு இல்லை அக்கா. பேச்சு வராத பிள்ளைகளுக்கும், திக்குகிறவர்களுக்கும், வாதம் வந்து வாய் கட்டிப்போனவர்களுக்கும் பேச்சைத் திரும்பக் கொண்டுவருகிற படிப்பு. நாலு வருஷப் படிப்பை முடித்துவிட்டு, தில்லைநகரில் ஒரு டாக்டரம்மா இடத்தில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து உறிஞ்சு குழலில் ஊதச் சொல்லியும் கண்ணாடியில் நாக்கை நீட்டச் சொல்லியும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதோடு நின்றிருக்கும். இன்னும் மேலே படிக்கணும் என்று கிளப்பிவிட்டது நம்ம மாமாதான். அவருக்குத் தெரியாமலே கிளப்பிவிட்டார். வாதம் வந்து எழுந்ததிலிருந்து அவருக்குத் தண்ணி வேண்டுமென்றாலும் "களவாணிப்பய", போர்வை வேண்டுமென்றாலும் "களவாணிப்பய". மற்ற வார்த்தையெல்லாம் போய்விட்டது, என்னைத் திட்டுகிற வார்த்தை மட்டும் துருப்பிடிக்காமல் நிற்கிறது. நான் அதைப் பெருமையாக வாழைக்காய் மண்டியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. திட்டு, பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணுவது இதெல்லாம் மூளையில் வேற பாதையில் வருமாம், அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டே மற்ற வார்த்தையையும் இழுத்து வரலாமாம். பொங்கலன்றைக்கு மாமாவை உட்கார வைத்து "ஒண்ணு... ரெண்டு..." வரைக்கும் சொல்ல வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மூணு வருகிற நேரம் பார்த்து நான் உள்ளே நுழைந்தேன். மாமா என்னைப் பார்த்தார். மூணுக்குப் பதிலாக நான்தான் வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே பாப்பா சொல்லிவிட்டது, "எனக்குத் தெரிஞ்சது பத்தலப்பா, மேல படிக்கணும்" என்று.

மைசூர், சென்னை, மங்களூர், கேரளாவில் ஒன்று என்று நாலு ஊர்க் காலேஜுக்கு எழுதிப் போட்டது. மைசூர்தான் அதன் உசிரு. பரீட்சையும் எழுதியாச்சு. அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. அக்கா, அறுவடைக்குக் காத்திருக்கலாம், மழைக்குக் காத்திருக்கலாம், ஒரு மெயிலுக்குக் காத்திருக்கிற பெண்ணோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது. பால் பொங்குதா என்று அடுப்பைப் பார்க்கிற மாதிரி போனையே பார்க்கும். போன் சத்தம் கேட்காமல் போய்விடும் என்று வீட்டில் மிக்ஸி போடக் கூடாது. ஆகையால் சட்னி நின்றுபோய், ஆனி பிறந்ததிலிருந்து இட்லிக்குப் பொடிதான். குக்கர் விசில் அடித்தால் மூணு பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம். "கிடைக்கும்" என்று சொன்னால் கண் பட்டுவிடும், "கிடைக்காது" என்று சொன்னால் ஜோதி கரண்டியை எடுப்பாள். நான் பாட்டுக்குப் போகிற போக்கில் வாயாலேயே "டிங்" என்று மெயில் வருகிற சத்தம் போடுவேன். பாப்பா பாய்ந்து போய்ப் போனைப் பார்க்கும். ரெண்டு தடவை ஏமாந்தது. மூணாவது தடவை, "அப்பா, சில பேருக்குப் பேச்சு கொறைவா இருக்கும், வைத்தியம் இருக்கு. உங்களுக்குக் கூடுதலா இருக்கு. அதுக்கு எந்த நாட்டுலயும் வைத்தியம் இல்ல" என்றது. இதற்கு நடுவிலே சென்னையில் இல்லை என்று வந்தது. மங்களூரிலும் இல்லை என்று வந்தது. அன்றையிலிருந்து நான் டிங் சொல்வதை நிறுத்திவிட்டேன். மிச்சம் மைசூரும் கேரளாவும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி. கையில் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

பாப்பாவின் போன் எப்பவும் பிஸியாக இருக்கும். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டு "வந்துச்சாடி?" "வரலடி" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொள்வார்கள். அதனால் விண்ணப்பத்தில் எழுதியிருந்த என் நம்பருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அப்போது வாழைக்காய் மண்டியில் நிற்கிறேன். ஆடி மாதம், தார் வரத்து கம்மி, கூட்டம் சந்தை மாதிரி. ஒரு வியாபாரி பூவன் தாரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று துண்டை உதறிக்கொண்டு போகிறார். நம் தொழிலில் அது தெரிந்த விஷயம்தானே. யார் முதலில் ஆசையைக் காட்டுகிறானோ அவன் தோற்றான். வேண்டாம் என்று நாலடி போனவர் அஞ்சாவது அடியில் திரும்பி வருவார். நாம் அவர் முதுகைப் பார்க்கவே கூடாது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறபோதுதான் போன் அடித்தது. ஒரு பொம்பளைக் குரல். "ரெங்கநாயகியோட அப்பாவா சார்? உங்க பொண்ணுக்கு எங்க காலேஜ்ல ஒரு சீட் இருக்கு. எடுத்துக்கிறீங்களா?" என்றது.

அக்கா, கருப்பன் மேல் சத்தியமாக, எனக்குள்ளே சந்தோஷம் குபீரென்று பொங்கியது. ஆனால் வாய் வேற ஆள் மாதிரி பேசியது. "பார்க்கலாம்ங்க. இன்னும் ரெண்டு மூணு எடத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நமக்கு அவசரம் ஒண்ணும் இல்ல" என்றது. அந்தம்மா, "சரி சார், அப்ப நாங்க அடுத்தவங்களக் கூப்பிட்டுக்கறோம்" என்று வைத்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். அந்தம்மா திரும்பி வருவதற்காக. பூவன் தார்க்காரர் அஞ்சாவது அடியில் திரும்பி வந்து தாரைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். போன் மட்டும் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, நான் பேரம் பேசியது வாழைத்தாருக்கு இல்லை என்று. திருப்பிக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்து ஜோதியைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். நான் மெதுவாகச் சொன்னதற்கு அவள் போட்ட சத்தம் கொள்ளிடக் கரைவரை கேட்டிருக்கும். "ஏங்க, அது என்ன பூவன் தாரா? நாம பெத்த பொண்ணுங்க! சீட்டுக் குடுக்கறேன்னு கூப்பிட்டவகிட்ட நாளைக்கு வான்னு சொன்னீங்களா?" நாளைக்கு வா என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னேன் என்று திருத்தினேன். திருத்தியிருக்கக் கூடாது. பாப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. அழவில்லை, கத்தவில்லை. "எந்தக் காலேஜுப்பா?" என்றது.

அதைத்தான் நான் கேட்கவேயில்லை.

"மைசூரா இருந்தா..." என்று ஜோதி ஆரம்பித்துப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். பாப்பாதான் என்னை உட்காரச் சொல்லி, "அந்தம்மா எப்படிப் பேசினாங்க, அப்படியே பேசிக் காட்டுங்க" என்றது. மற்றவர்களைப் போல் பேசிக் காட்டுவதற்குத்தானே சின்ன வயசில் உன்னிடம் அடி வாங்கினேன், அது இப்போது உதவியது. குரலை ஏற்றி, இறக்கி, கடைசியில் இழுத்துப் பேசிக் காட்டினேன். பாப்பா கண்ணை மூடிக் கேட்டது. இன்னொரு தரம் என்றது. மூணாவது தரம் பேசும்போது அதற்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "கேரளாப்பா. மைசூர் இல்ல" என்றது. அப்புறம் சிரிப்பு நின்றுபோய், "கூப்பிட்ட ஒரே எடமும் போச்சு" என்றது. மறுநாள் அந்தக் காலேஜுக்கு எழுதிக் கேட்டதற்கு, இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று, அவர் வேண்டாம் என்றால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பார்க்கலாமாம். என் வார்த்தையையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றையிலிருந்து எனக்கு வைத்தியம் நடக்கிறது. பாப்பா என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, "ரொம்ப சந்தோஷம்ங்க, எடுத்துக்கறோம்" என்று சொல்லிப் பழகச் சொல்கிறது. ஜோதி கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு காலேஜ் அம்மாவாக வருவாள். "சார், சீட் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்பாள். எனக்கு எல்லாம் தெரிகிறது அக்கா, சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நிற்கிறது, வாயைத் திறந்தால் "பார்க்கலாம்ங்க" என்றுதான் வருகிறது. ஜோதி கரண்டியைக் காதிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டுவாள். "இன்னொரு தடவப்பா, மெதுவா" என்று பாப்பா சொல்லும். கோபமே படாது. அப்போதுதான் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. அவர் தண்ணி கேட்கிறபோதெல்லாம் அவருக்குள்ளே தண்ணி என்றுதான் இருந்திருக்கும். நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இனிக் கிடாய். பாப்பாவுக்குச் சீட் கிடைத்தால் வெட்டுவதாகத்தானே நேர்ந்தாய். மைசூரில் ஊர்ப்பட்ட பேர் எழுதியிருக்கிறார்கள், அங்கே நமக்கு வராது என்று பாப்பாவே முடிவுகட்டிவிட்டது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தில்லைநகருக்கே வேலைக்குப் போகிறது. சாமி கொண்டுவந்து கொடுத்ததை நான் பேரம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டேன், அதற்குக் கருப்பன் என்ன செய்வான். ஆகவே கிடாயை அவிழ்த்து விட்டுவிடு. அதுவாவது இந்த வருஷம் சந்தோஷமாக இருக்கட்டும். பாப்பாவிடம் நீ எதுவும் கேட்காதே, பாறை மேல் ஏறி ஆறுதல் சொல்கிறேன் என்று கிளம்பாதே, வழுக்கும். நான் இனிமேல் எந்தப் போனிலும் பேசுவதில்லை என்று ஜோதி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவள் தலை, அவள்தான் பண்ணச் சொன்னாள்.

இந்தக் கடுதாசியை மாமாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. முடிந்ததும் அந்த வார்த்தையைச் சொன்னார் என்றால், இந்தத் தடவை அது தப்பு வார்த்தை இல்லை, சரியான இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார் என்று தட்டிக்கொடு.

மலைக்காற்று உங்கள் ரெண்டு பேருக்கும் நோய்நொடி காட்டாமல் இருக்கட்டும். கிழங்குக்கு நல்ல மழை பெய்யட்டும். ஜோதியின் கும்பிடு, பாப்பாவின் அன்பு.

இப்படிக்கு,
வாயால் கெட்ட தம்பி,
வீரமலை.

பின்குறிப்பு: அக்கா, கிடாயைப் பிடி! அவிழ்த்திருந்தால் ஓடிப்போய்ப் பிடி! சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன், எழுத்து கோணும். இன்று காலையில் பாப்பா என்னை வீடு கூட்டச் சொன்னது. கூட்டினேன். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவச் சொன்னது. கழுவினேன். தப்புப் பண்ணினவன், சொன்னதைச் செய்ய வேண்டியதுதானே என்று எல்லாம் செய்தேன். நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. அதே அம்மா! நாலடி போனவள் திரும்பி வந்துவிட்டாள்! சத்தியத்தை மறந்து எடுத்துவிட்டேன். "சார், அந்தப் பிள்ளை வேணாம்னுடுச்சு, சீட் இருக்கு..." என்று முடிப்பதற்குள், கண்ணாடி இல்லாமல், கரண்டி இல்லாமல், கணீரென்று சொன்னேன் அக்கா, "ரொம்ப சந்தோஷம்ங்க, எடுத்துக்கறோம்!" சொன்ன வாய் மூடுவதற்குள் பாப்பா போனைப் பிடுங்கி, "மன்னிச்சுக்கங்க மேடம், எங்களுக்கு வேணாம். பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டது. நான் துருவின தேங்காய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அது நிதானமாகத் தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டியது. மைசூர்! விடிகாலையிலேயே மெயில் வந்து, ஆத்தாளும் மகளும் சரி என்று பதிலும் போட்டுவிட்டு, என்னை வீடு கூட்ட வைத்திருக்கிறார்கள்! "உடனே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "பார்க்கலாம்ங்கன்னு இருந்தேம்ப்பா. அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றது. ஜோதி சிரித்துக்கொண்டே மிக்ஸியைப் போட்டாள். அந்தச் சத்தம் நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

மேலே எழுதினதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், இவ்வளவு எழுதிக் கை வலிக்கிறது, நீயே படித்துவிட்டுக் கிழித்துப் போடு. காலேஜ் திறக்குமுன் பாப்பா உங்களிடம் வந்து தங்குகிறது. மாமாவைத் தண்ணி என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் மைசூருக்கு ரயிலேறுவேன் என்கிறது. சொல்ல வைக்கட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் மாமாவிடம் நீ காதோடு சொல்லி வை, புது வார்த்தை வந்ததும் பழசை மறந்துவிட வேண்டாம். அவர் வாயில் எனக்கு இருக்கிற பேர் அது ஒன்றுதான். பஸ் கிளம்பிவிட்டது, கண்டக்டர் விசில்