அங்கிகளை நனைத்த கோட்டை மேகம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவள் உங்கள் வீட்டில் இருக்கிறாள், நான் இங்கே தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். என் நலத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை காலை அவள், வக்கீல்கள் கொடுத்திருந்த கறுப்பு அங்கிகளைக் கிழிசல் தைத்து, அலசி, மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டாள். “கடைக்குப் போயிட்டு வரேன். மேகம் கூடினா எடுத்து உள்ள போட்டுடுங்க. இந்த ஒரு வேலைதான்” என்றாள். அகராதி அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேகமும் கூடியது. சாதாரண மேகமா? தலையில் வரிசையாகக் கொத்தளங்கள் முளைத்த மேகம்! அதற்கு லத்தீனில் ‘காஸ்டெல்லானஸ்’ என்று பெயர். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு வக்கீல் தன் அங்கி காய்ந்ததா என்று பார்க்க மேலே வந்தார். ஆள் கிடைத்தால் விடுவேனா? ‘காஸ்டெல்லும்’ என்றால் சிறு கோட்டை, அதைக் காப்பவன் காஸ்டெல்லானஸ், இடைக்காலத்தில் வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவனும் அவனே, வீட்டு மதிலின் உச்சியைக் கோட்டை மாதிரி பல்வரிசையாக வெட்டிக் கட்டக்கூடச் சில இடங்களில் ராஜாவின் அனுமதி வேண்டும் என்று மூச்சுவிடாமல் அடுக்கி, “ஆக, உங்க சட்டமும் அந்த மேகமும் ஒரே குடும்பம் சார்” என்றேன்.

“அது சரி, இந்த மேகம் வந்தா என்ன ஆகும்?”

“இடியோட மழை கொட்டும். சந்தேகமே வேண்டாம்!”

கொட்டியது. “பார்த்தீங்களா!” என்று நான் நனைந்தபடி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கொடியில் அங்கிகள் தொங்குவது அவருக்குத்தான் நினைவு வந்தது. அன்று பிற்பகல் அந்த அங்கியோடு கோர்ட்டில் சொட்டச் சொட்டப் போய் நின்றவரிடம் நீதிபதி, “வெளியே போய்ப் பிழிஞ்சுட்டு வாங்க” என்றாராம். உங்கள் தங்கை சொன்னது இரண்டே வாக்கியம்: “மழை வரும்னு இந்தத் தெருவுலயே தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. நனைய விட்டதும் நீங்கதான்.” பையை எடுத்தாள், போய்விட்டாள்.

தப்பு என்னுடையதுதான். லத்தீனை இன்றோடு விட்டேன் என்று சொல்லி, எப்படியாவது அனுப்பி வையுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
ஈரம் காயாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அந்த மேகத்தைப் படம் பிடித்து வானிலை அலுவலகத்துக்குப் பெருமையாக அனுப்பியிருந்தேன். இப்போதுதான் பதில் வந்தது. அது காஸ்டெல்லானஸே இல்லையாம், வெறும் குவியல் மேகமாம். ஆக, நான் சொன்னது குருட்டாம்போக்கில் பலித்ததுதான்; மழை வருமென்று எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை, நான் நிரபராதி. தயவுசெய்து இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தும் நனையவிட்டவன் என்று திட்டும்போதாவது, தெரிந்தவன் என்று ஒப்புக்கொள்கிறாள்.