முதுகை மட்டும் பிடுங்கும் பேய்

குற்றாலத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி அருவிக்குப் போனது. மீதி, கோடாங்கி தில்லைநாயகம் வீட்டுக்குப் போனது. அருவியில் குளித்தால் தலைதான் குளிரும். தில்லைநாயகம் உடுக்கு அடித்தால் கோழிக்கு இறகே முளைக்குமாம்! யூடியூபில் வந்துவிட்டது. யூடியூபில் வந்தால் பொய்யாகுமா?

அச்சன்புதூர் மாரித்தாயும் போனாள். அவளுடைய ஐந்து பெட்டைக்கோழிகளுக்கும் முதுகில் இறகு உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. கோடாங்கி கண்ணை மூடினார், உடுக்கை உலுக்கினார்.

"மொட்டத்தலயாச் செத்த பேய். எறகு மேல ஆச. அத உன் சேவல் மேல எறக்கி, மலைக்கு மேல கொண்டுபோயி விட்டுருதேன். சேவலக் கொண்டா."

மாரித்தாய்க்கு மனசு வரவில்லை. குஞ்சாக இருந்தபோது தூக்க வந்த பருந்தை முறத்தால் விரட்டி அவள் காப்பாற்றிய சேவல் அது. ஆனால் சேவலைக் கொடுத்த அத்தனை வீட்டிலும் இறகு முளைத்திருக்கிறதே! கொடுக்காமல் எப்படி?

சேவலைப் பிடிக்க அவள் வீடு திரும்பியபோது, அடுத்த வீட்டு அலிமா வந்து கோழிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பேனும் இல்லை, உண்ணியும் இல்லை.

"ஏட்டி, கழுத்துல எறகு இருக்கு, வால்ல இருக்கு. முதுகுல மட்டும் இல்ல. பேய்க்கு முதுகுதான் ருசியோ?"

"அப்பம் பிடுங்குறது யாரு, அக்கா?"

அலிமா சேவலைக் காட்டினாள். அந்த மகராசன் அந்நேரம் ஒரு பெட்டையின் முதுகில் ஏறி, நகத்தை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

"இவன்தான். பொழுதன்னைக்கும் ஏறி மிதிச்சா முதுகு என்னத்துக்கு ஆகும்? எங்க வீட்டுப் பஞ்சாரக் கூடைக்குள்ள இவனக் கவுத்திப் போடுதேன். மந்திரமும் வேண்டாம், உடுக்கும் வேண்டாம். பாப்போம்."

ஒரு மாதம்தான். ஐந்து முதுகிலும் புது இறகு.

ஒரு பெட்டையைத் தூக்கிக்கொண்டு இருவரும் கோடாங்கி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். மனுசன் அசரவில்லை. "நா மனசுல நெனச்சதுக்கே பேய் ஓடிட்டு, பாத்தீயளா!"

கூட்டம் கை தட்டியது. தட்டாதா பின்னே?

அந்தக் கைதட்டலுக்குப் புறவாசலில் ஒரு சேவல் கூவியது. இன்னொன்று பதில் சொன்னது. அப்புறம் பெரிய கச்சேரியே நடந்தது.

"மலைக்குப் போன சேவலுவ எப்பம் எறங்கி வந்துச்சு?" மாரித்தாய் ஓடிப்போய்ப் படலைத் தள்ளினாள்.

பாய்ந்து வந்தன கோடாங்கி வீட்டுப் பெட்டைகள். முதுகில் மருந்துக்குக்கூட ஓர் இறகு இல்லை! பின்னாலேயே விரட்டிக்கொண்டு ஊர்ப்பட்ட சேவல்கள்.

"ஏ, இது எங்க செவலச் சேவலல்லா!"

"எலே, அந்தக் கருப்பனப் பிடி!"

கூட்டம் கோடாங்கியை விட்டுவிட்டுச் சேவல்களைத் துரத்தியது.

"என்ன அண்ணாச்சி," என்றாள் அலிமா, "ஒம்ம கோழிக்கு உடுக்கு அடிக்க நேரம் கெடைக்கலியோ?" தில்லைநாயகம் உடுக்கால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாரித்தாய் படலுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் செல்லமும் இந்தப் படலுக்குள் அடைபட்டிருக்க வேண்டியவன்தானே!

மீட்ட சேவலைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர் வாசலில் தயங்கினார். "எங்க ஆட்டுக்கும் முடி கொட்டுது. அதுக்கு யாரப் போயிப் பாக்கணும்?"

"மொதல்ல ஆட்டப் போயிப் பாரும்!" என்றாள் மாரித்தாய்.